காசியிலிருந்து திரும்பும் வழியில் டெல்லி ஒரு பகல்: கைடு, வண்டி, திங்கட்கிழமைச் சிக்கல்

அரசலாறு (திருவிடைமருதூர்)
சம்பா அறுவடை முடிந்ததும் மாசியில் 11 பேர் காசி, கயா போகிறோம். 4 பேர் 65 தாண்டியவர்கள், அதில் ஒரு அம்மாவுக்கு மூட்டுவலி. ஞாயிறு இரவு காசியில் ஏறினால் திங்கள் காலை 8 மணி வாக்கில் புதுடெல்லி. அன்றே இரவு 9 மணி வாக்கில் தமிழ்நாடு எக்ஸ்பிரஸ். நடுவில் கிடைக்கும் பகலில் கைடு வைத்து டெல்லியைச் சுற்றிக் காட்ட வேண்டும். ஏஜெண்ட் அனுப்பிய பட்டியல் இது: செங்கோட்டை, ராஜ்காட், இந்தியா கேட், நாடாளுமன்றம், குதுப் மினார், தாமரைக் கோயில், அக்ஷர்தாம், பிர்லா மந்திர். எட்டு இடமும் ஒரே நாளில் நடக்கிற காரியமா? நம்ம ஆதீனத்துச் செங்கோலைப் பார்க்க முடியுமா என்றும் பெரியவர்கள் கேட்கிறார்கள்.

குடமுருட்டி (திருவையாறு)
முதலில் கிழமையைப் பாருங்கள் அண்ணே. திங்கட்கிழமை செங்கோட்டை லீவு, தாமரைக் கோயில் லீவு, அக்ஷர்தாம் லீவு. எட்டில் மூன்று அங்கேயே போயிற்று. இது தெரியாத ஏஜெண்ட் என்று நினைக்காதீர்கள். தெரிந்துதான் போடுகிறார். கோட்டையின் லாகூரி கேட் வாசல் எதிரே வண்டியை மெதுவாக ஓட்டி, ஜன்னல் வழியாகக் காட்டிவிட்டு "செங்கோட்டை ஆச்சு" என்பார்கள். பட்டியலில் "உள்ளே சென்று பார்ப்பது" எது, "வெளியிலிருந்து பார்ப்பது" எது என்று தனித்தனியாக எழுதித் தரச் சொல்லுங்கள். பாதிப் பட்டியல் கரைந்துவிடும்.

தேசிய அருங்காட்சியகமும் காந்தி ஸ்மிருதியும் திங்கள் கிடையாது. பிப்ரவரி, மார்ச்சில் திறக்கிற ஜனாதிபதி மாளிகைத் தோட்டமும் திங்கள் மூடல். குதுப் மினார், ஹுமாயூன் கல்லறை, இந்தியா கேட், போர் நினைவுச் சின்னம் இவை திங்களும் உண்டு. காசியில் ஒரு நாள் கூடத் தங்கிச் செவ்வாயாக மாற்ற முடிந்தால் மாற்றுங்கள். ரிசர்வேஷன் ஆகிவிட்டதென்றால் திங்களுக்கு ஏற்றபடி திட்டம் போடலாம், குறை ஒன்றும் வராது.

பாமணி (மன்னார்குடி)
செங்கோல் விஷயம்: 1947இல் திருவாவடுதுறை ஆதீனம் கொடுத்த அந்தச் செங்கோல் பல காலம் அலகாபாத் அருங்காட்சியகத்தில் இருந்தது. 2023 மே 28 முதல் புதிய நாடாளுமன்றத்தில் மக்களவைக்குள், சபாநாயகர் இருக்கை அருகே இருக்கிறது. பாஸ் இல்லாமல் அந்தக் கட்டடத்துக்குள் போக வழியில்லை. எந்தப் பகல் டூரிலும் அது சேராது. "நாடாளுமன்றம்" என்று ஏஜெண்ட் எழுதியிருப்பது தூரத்திலிருந்து கட்டடத்தைக் காட்டுவது மட்டும்தான். உங்கள் தொகுதி எம்.பி. அலுவலகம் மூலம் முன்கூட்டியே முயற்சி செய்வது தனி வேலை. ஒரு பகல் பயணத்தில் அதை நம்பி நேரம் ஒதுக்க வேண்டாம்.

இன்னொன்றும் பெரியவர்கள் கேட்பார்கள், இப்போதே சொல்லிவிடுகிறேன். சுவாமிமலையில் வார்த்த 27 அடி நடராஜர் பாரத் மண்டபத்தில் இருக்கிறார். அது கண்காட்சி வளாகம். நிகழ்ச்சிக்கான அனுமதி இல்லாமல் உள்ளே விடுவார்கள் என்று எண்ணிப் போகாதீர்கள்.

வீரசோழன் (மயிலாடுதுறை)
கைடு எதற்கு என்று கேட்கிறேன். மெட்ரோ இருக்கிறது, செல்போனில் எல்லாத் தகவலும் இருக்கிறது. 11 பேருக்கு வண்டி, கைடு என்று கொட்டுவதற்குப் பதில் மெட்ரோவில் போனால் செலவில் கால்வாசிகூட ஆகாது.

வெட்டாறு (திருவாரூர்)
நாலு வாலிபப் பிள்ளைகள் என்றால் மெட்ரோதான் சரி, நானே சொல்வேன். இங்கே மூட்டுவலி அம்மா இருக்கிறார். மஞ்சள் லைனில் குதுப் மினார் ஸ்டேஷன் என்று பெயர்தான், இறங்கினால் நினைவுச் சின்னம் ஒன்றரை, இரண்டு கிலோமீட்டர் தள்ளி. அங்கிருந்து ஆட்டோ. ஹுமாயூன் கல்லறைக்கு வயலட் லைனில் ஜே.எல்.என். ஸ்டேடியம், மறுபடி ஆட்டோ. 11 பேர் என்றால் ஒவ்வொரு தடவையும் நாலு ஆட்டோ பிடிக்கணும். பெரிய ஸ்டேஷன்களில் லைன் மாற நடக்கிற நடையே ஒரு பிரகாரம் சுற்றின மாதிரி இருக்கும். பணம் மிஞ்சும், முழங்கால் மிஞ்சாது.

வண்டி பற்றி. 11 பேருக்கு டெம்போ டிராவலர். இங்கேதான் கணக்குத் தப்பும். 12 சீட் வண்டி பிடித்தால் 11 பேர், கைடு ஒருவர், வண்டி நிறைந்தது. பெட்டி வைக்க இடமில்லை. சில வண்டிகளில் "12" என்பது டிரைவர் பக்கத்து சீட்டையும் சேர்த்து. ஆகவே கேட்க வேண்டிய கேள்வி: "டிரைவரை விட்டு எத்தனை சீட்?" பெட்டியை வண்டியில் ஏற்றாமல் ஸ்டேஷன் கிளோக் ரூமில் போட்டுவிடுங்கள். பூட்டில்லாத பையை வாங்க மாட்டார்கள். கட்டைப்பை, கோணிப்பை எல்லாம் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். ஊரிலிருந்து புறப்படும்போதே ஆளுக்கு ஒரு சின்னப் பூட்டு. ரயில் டிக்கெட், அடையாள அட்டை இரண்டும் கையில் வேண்டும். ஈயம் வைத்து அடைத்த கங்கைச் செம்பையும் பூட்டின பெட்டிக்குள்ளேயே வைத்துவிடுங்கள். கையில் தூக்கிக்கொண்டு அலைந்தால் ஒவ்வொரு செக்யூரிட்டியிலும் "இது என்ன" என்ற விசாரணை.

வாடகை "8 மணி நேரம், 80 கிலோமீட்டர்" என்று பேசுவார்கள். ஸ்டேஷன், ஹுமாயூன், இந்தியா கேட், குதுப், திரும்ப ஸ்டேஷன் எல்லாம் கூட்டினால் 60 கிலோமீட்டருக்குள் முடியும். ஆனால் மீட்டர் ஓடுவது வண்டி ஷெட்டை விட்டுக் கிளம்பியதிலிருந்து திரும்ப ஷெட் போகும் வரை. நேரமும் அப்படித்தான். ஷெட் நொய்டாவிலோ குருகிராமிலோ இருந்தால் 80 அங்கேயே கரையும். "கிலோமீட்டர் ஸ்டேஷனில் தொடங்கி ஸ்டேஷனில் முடியும்" என்று வாட்ஸ்அப்பில் எழுதி வாங்குங்கள். பார்க்கிங், டிரைவர் பேட்டா, கூடுதல் மணிக்கு எவ்வளவு, இந்த மூன்றும் அதே மெசேஜில் வரணும். வாயால் பேசியது மாலை 6 மணிக்கு மேல் செல்லாது.

குடமுருட்டி (திருவையாறு)
வெட்டாறு சொன்னதோடு ஒன்று. டெல்லியில் காற்று மாசு கூடும் நாட்களில் பிஎஸ்-4 டீசல், பிஎஸ்-3 பெட்ரோல் நாலு சக்கர வண்டிகளுக்குத் தடை போடுவார்கள் (பிஎஸ் என்பது வண்டிப் புகைக்கான தர எண்). பழைய டீசல் வண்டி பேசியிருந்தால் அன்று காலை "வண்டி வராது சார்" என்று போன் வரும். கார்த்திகை முதல் தை வரைதான் இந்தத் தொல்லை அதிகம். மாசியில் குறைவு என்றாலும் சிஎன்ஜி அல்லது பிஎஸ்-6 வண்டியா என்று கேட்டுவிடுவது நல்லது. ஜனவரி இரண்டாம் பாதியில் போகிறவர்களுக்குத் தனி எச்சரிக்கை: குடியரசு தின ஒத்திகைக்காகக் இந்தியா கேட்டை ஒட்டிய கர்தவ்ய பத் சாலைப் பக்கம் அடிக்கடி மூடுவார்கள். ஆகஸ்ட் 15க்கு முந்தைய நாட்களில் செங்கோட்டையும் பொதுமக்களுக்கு இல்லை.

அரசலாறு (திருவிடைமருதூர்)
கிழமை மாற்ற முடியாது, 11 டிக்கெட்டும் கன்ஃபர்ம் ஆகிவிட்டது. திங்கள்தான். கைடை எப்படிப் பிடிப்பது? தமிழ் பேசும் கைடு கிடைப்பாரா? ஏஜெண்ட் "பஸ்ஸிலேயே கைடு வருவார், தனியாகப் பணம் வேண்டாம்" என்கிறார்.

பாமணி (மன்னார்குடி)
சீட் விற்கும் பஸ்ஸில் வருகிறவர் பெரும்பாலும் கைடு இல்லை, மைக் பிடிக்கிறவர். இடத்தின் பெயரும் "45 நிமிஷத்தில் வண்டிக்கு வந்துடுங்க" என்பதும்தான் அவர் சொல்வது, அதுவும் இந்தியில். உள்ளே கூட வர மாட்டார். சம்பளம் குறைவு, மீதியைக் கடையில் எடுப்பார். "அரசு எம்போரியம்" மாதிரிப் பெயர்ப்பலகை வைத்த தனியார் கடையில் 40 நிமிஷம் நிறுத்துவார்கள். பாஷ்மினா, கம்பளம், கல் வைத்த நகை. வாங்கினால் கமிஷன், வாங்காவிட்டாலும் ஆள் தலைக்கு ஏதோ உண்டு. உங்கள் ஒரு பகலில் அந்த 40 நிமிஷம்தான் ஹுமாயூன் கல்லறை.

உரிமம் பெற்ற கைடு வேறு. சுற்றுலா அமைச்சகம் கொடுத்த போட்டோ அட்டை கழுத்தில் இருக்கும். பெயர், செல்லுபடியாகும் தேதி, மொழி எல்லாம் அதில் பார்க்கலாம். முன்பணம் அனுப்புவதற்கு முன் அட்டையின் படத்தைக் கேளுங்கள். தயங்கினால் விட்டுவிடுங்கள். கூலி அரை நாள் என்றால் 4 மணி நேரம், முழு நாள் என்றால் 8 மணி நேரம். ஆள் எண்ணிக்கையும் பார்ப்பார்கள்: 1 முதல் 5, 6 முதல் 14, 15 முதல் 40. நீங்கள் நடுப்பிரிவு. தொகையை இரண்டு மூன்று பேரிடம் கேட்டு ஒப்பிடுங்கள், அன்றைய உணவுப்படி உள்ளடங்கியதா என்றும் கேளுங்கள்.

தமிழ் கைடு அரிது. கிடைத்தால் அதிர்ஷ்டம், கிடைக்காவிட்டால் ஆங்கிலம் பேசுகிற கைடும் உங்களில் தமிழில் சொல்ல ஒருவரும் போதும். ஆனால் கவனம், மொழிபெயர்த்தால் நேரம் இரட்டிப்பாகும். இருபது நிமிஷம் தொடர்ந்து பேசவிட்டுவிட்டுப் பிறகு சொல்ல ஆரம்பித்தால் பெரியவர்கள் அதற்குள் நிழல் தேடிப் போயிருப்பார்கள். "இரண்டு நிமிஷம் பேசு, நிறுத்து" என்று முதல் இடத்திலேயே சொல்லிவிடுங்கள். தமிழில் சொல்கிறவர் முதல் நாள் இரவே நாலு விஷயம் படித்து வைத்திருந்தால் இன்னும் நல்லது.

வண்டிக்காரருக்கும் கைடுக்கும் ஒரே மெசேஜ் அனுப்புங்கள்: "கடை நிறுத்தம் கிடையாது. நாங்கள் கேட்டால் மட்டும்." எழுதாமல் விட்டால் "டாய்லெட் போக நல்ல இடம்" என்று சொல்லிக் கடை வாசலில்தான் நிறுத்துவார்கள். ஏதாவது வாங்கியே ஆக வேண்டும் என்றால் ஜன்பத்தில் மத்திய குடிசைத் தொழில் எம்போரியம், நிர்ணய விலை. பாபா கரக் சிங் மார்க்கில் மாநில அரசுக் கடைகள் வரிசையாக இருக்கும். அங்கே பூம்புகாரில் தஞ்சாவூர்த் தலையாட்டிப் பொம்மை வாங்கி வராதீர்கள், அவ்வளவுதான் சொல்வேன்.

மண்ணியாறு (சீர்காழி)
கைடு எதற்கு என்று வீரசோழன் கேட்டதற்கு: குதுப் வளாகத்தில் கைடு இல்லாமல் போனால் எல்லோரும் கோபுரத்தைப் படம் எடுத்துவிட்டுத் திரும்பிவிடுவார்கள். 72.5 மீட்டர் உயரம். 1981 விபத்துக்குப் பிறகு உள்ளே ஏற அனுமதி இல்லை. ஆகவே கோபுரத்தடியில் நேரம் கழிப்பதில் பயனில்லை. பக்கத்து மசூதி மண்டபத் தூண்களைப் பாருங்கள். 27 கோயில்களை இடித்து எடுத்த கற்களைக் கொண்டு கட்டியதாக வாசல் கல்வெட்டே சொல்கிறது. மணியும் சங்கிலியும் செதுக்கிய தூண்களை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கி உயரம் கூட்டியிருப்பார்கள். நம் கோயில் தூண்களைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு எந்தத் தூண் எங்கே ஒட்டுப்போட்டது என்று சட்டெனப் பிடிபடும். இதைச் சரியாகக் காட்டுகிற கைடு காசுக்குத் தகும்.

இரும்புத் தூணிடம் கைடின் தரம் தெரிந்துவிடும். "எட்டு உலோக ரகசியக் கலவை" என்று அடித்துவிட்டால் மீதியையும் அதே நம்பிக்கையில் கேட்டுக்கொள்ளுங்கள். குப்தர் காலத்துத் தேனிரும்பு அது. பாஸ்பரஸ் அதிகம் இருப்பதால் மேலே மெல்லிய பாதுகாப்புப் படலம் உருவாகி துரு உள்ளே இறங்காமல் நிற்கிறது. சுற்றிலும் வேலி போட்டிருக்கிறார்கள், முதுகைச் சாய்த்துக் கைகோர்க்கும் பழைய வழக்கமெல்லாம் இப்போது கிடையாது. அப்படியே வடக்கே வாருங்கள், அலாவுதீன் கில்ஜி குதுப் மினாரைவிட இரட்டிப்பாகக் கட்ட நினைத்து முதல் நிலையோடு நின்றுபோன அலாய் மினார் இருக்கும். கூட்டம் இராது, உட்காரவும் நல்ல இடம்.

ஹுமாயூன் கல்லறையில் மூட்டுவலிக்காரருக்குச் சிக்கல் உண்டு. கட்டடம் உயரமான மேடை மேல் நிற்கிறது. மேடைக்கு ஏறும் படிகள் செங்குத்து, ஒவ்வொரு படியும் உயரம் அதிகம், இறங்கும்போதுதான் அதிகம் உறுத்தும். அந்த அம்மாவை மேலே ஏற்ற வேண்டாம். உள்ளே நுழைந்ததும் வலப்புறம் 1547இல் கட்டிய ஈசா கானின் எட்டுப்பட்டைக் கல்லறைத் தோட்டம் இருக்கிறது, அதைப் பார்க்கச் சொல்லி, பிறகு தோட்டப் பாதையில் நின்று பெரிய கட்டடத்தைப் பார்த்தாலே முழு அழகும் தெரியும். டிக்கெட் கவுண்டரில் வீல்சேர் கேட்டுப் பாருங்கள், குதுப்பில் அது மிகவும் உதவும்.

வீரசோழன் (மயிலாடுதுறை)
சரி, வண்டி விஷயத்தில் ஒப்புக்கொள்கிறேன். கைடு முழு நாள் வேண்டாம் என்பதில் மாற்றமில்லை. இந்தியா கேட்டில் நின்று கைடு என்ன சொல்லப் போகிறார்?

குடமுருட்டி (திருவையாறு)
அது நியாயம். நேரத்தை இப்படிப் பிரித்தால் அவர் சொல்வதற்கும் இடம் இருக்கிறது:

8 மணிக்கு இறங்கினால் குளிக்காமல் பெரியவர்கள் நகர மாட்டார்கள். ஸ்டேஷனிலேயே ஐஆர்சிடிசி லவுஞ்ச் உண்டு, குளியலுக்குத் தனிக் கட்டணம். 11 பேருக்கு ஒன்றரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். பெட்டியைப் போட்டுவிட்டு 10 மணிக்கு அஜ்மேரி கேட் பக்கம் வாருங்கள். புதுடெல்லி ஸ்டேஷனுக்கு இரண்டு முகம்: பிளாட்பாரம் 1 பக்கம் பஹார்கஞ்ச், 16 பக்கம் அஜ்மேரி கேட். டிரைவரிடம் வெறுமனே "ஸ்டேஷன் வாசல்" என்றால் அவர் ஒரு பக்கம், நீங்கள் ஒரு பக்கம் நிற்பீர்கள். வழியில் "உங்க ரிசர்வேஷன் கேன்சல், டூரிஸ்ட் ஆபீசுக்கு வாங்க" என்று நல்ல சட்டை போட்டவர் கூப்பிடுவார். திரும்பிப் பார்க்காமல் நடங்கள்.

10.30 முதல் 12 வரை ஹுமாயூன். 12.20க்கு அசோகா ரோடு ஆந்திர பவன் கேன்டீன்; அளவில்லாச் சாப்பாடு, சாதம், பருப்பு, ரசம் உண்டு, நம்மவர்களுக்கு ஒத்துக்கொள்ளும். ஒரு மணிக்கு மேல் போனால் வரிசை நீளும். பிறகு இந்தியா கேட்டும் அதன் பின்னால் 2019இல் திறந்த தேசியப் போர் நினைவுச் சின்னமும், மொத்தம் ஒரு மணி நேரம். வண்டி அங்கே நிற்கக் கூடாது, இறக்கிவிட்டுப் போய்விடும். எங்கே, எத்தனை மணிக்கு ஏற்றுவது என்று இறங்கும் முன் பேசுங்கள். 3 மணிக்குக் குதுப், 4.30 வரை. அதன்பின் ஆர்.கே. புரம் மலை மந்திர்.

மண்ணியாறு (சீர்காழி)
மலை மந்திரை நானும் சொல்ல இருந்தேன். உத்தர சுவாமிமலை என்றே பெயர். நம்ம சுவாமிநாதர்தான். குன்றின் மேல் சன்னதி, 1973இல் குடமுழுக்கு. பகலில் நடை சாத்திவிடுவார்கள், மாலை 5 மணி வாக்கில் திறப்பார்கள். அதனால் கடைசியில் வைத்தது சரி. படி இருக்கிறது என்பதை மட்டும் அம்மாவிடம் முன்பே சொல்லுங்கள். ஏற முடியாவிட்டால் கீழேயே சொக்கநாதர், மீனாட்சி சன்னதி இருக்கிறது.

வெட்டாறு (திருவாரூர்)
கைடை குதுப்பிலேயே அனுப்பிவிடுங்கள். ஆட்டோ பிடித்தால் மெட்ரோ, அவருக்கும் வசதி. முருகன் கோயிலில் நமக்குக் கைடு எதற்கு? 10 மணிக்கு வந்தவருக்கு நாலரைக்கு முடிந்தால் "அரை நாளும் கூடுதல் மணியும்" என்று பேசிப் பாருங்கள், முழு நாளைவிடக் குறைய வாய்ப்புண்டு.

கோயிலை விட்டு 6 மணிக்குக் கிளம்பியே ஆகணும். ஆர்.கே. புரத்திலிருந்து ஸ்டேஷன் 12, 13 கிலோமீட்டர்தான், ஆனால் ஆபீஸ் விடும் நேரம். ஒரு மணி நேரம் கண்டிப்பாக, சில நாள் ஒன்றரை. கிளோக் ரூம் வரிசை, பெட்டி செக்கிங், பிளாட்பாரம் கண்டுபிடிப்பது எல்லாம் சேர்த்தால் 7.30க்கு ஸ்டேஷனில் இருக்கணும்.

அரசலாறு (திருவிடைமருதூர்)
அருமை. இதை அப்படியே எடுத்துக்கொள்கிறோம். காசி ரயில் லேட்டானால் எதை விடுவது? டிக்கெட் ஆன்லைனிலா, கவுண்டரிலா?

குடமுருட்டி (திருவையாறு)
ஒரு மணி நேரம் லேட் என்றால் இந்தியா கேட் நிறுத்தத்தை வண்டியில் சுற்றிப் பார்ப்பதோடு முடியுங்கள். மூன்று மணி நேரம் என்றால் ஹுமாயூனை விட்டுவிட்டுச் சாப்பாட்டிலிருந்து தொடங்குங்கள். குதுப்பையும் கோயிலையும் தொடாதீர்கள், இரண்டும் ஒரே திசை, நேரம் சேர்ந்து போகும். ஐந்து மணி நேரத்துக்கு மேல் என்றால் கைடை ரத்து செய்துவிடுங்கள். எத்தனை மணி வரை சொன்னால் பணம் பிடிக்க மாட்டார் என்று முதலிலேயே கேட்டு வையுங்கள். முன்பணம் கொஞ்சம் மட்டும், மீதி முடிந்த பிறகு.

தொல்லியல் துறை டிக்கெட் குதுப்புக்கும் ஹுமாயூனுக்கும் இந்தியருக்கு கவுண்டரில் 40 ரூபாய், ஆன்லைனில் 35. பதினைந்து வயதுக்குட்பட்டோருக்கு இலவசம். ஐந்து ரூபாய்க்காக இல்லை, வரிசைக்காக ஆன்லைன். ஆனால் ரயில் தாமதம் தெரிந்த பிறகு எடுங்கள். டெல்லிக்கு ஒரு மணி நேரம் முன்பே, ரயிலில் சிக்னல் நன்றாக இருக்கும் ஊரில் எடுத்து, க்யூஆர் கோடை ஸ்கிரீன்ஷாட் செய்து இரண்டு பேர் போனில் வையுங்கள். கேட்டில் நின்று எடுக்கப் போனால் பணம் போகும், டிக்கெட் வராது.

பாமணி (மன்னார்குடி)
காலை ஹுமாயூனில் குளிர் இருக்கும், மாசியில் சால்வை தேவைப்படும். மதியம் குதுப்பில் அதையே தலையில் போட்டுக்கொள்வார்கள். அம்மாவின் மாத்திரையைப் பூட்டின பெட்டியில் வைத்துவிடாதீர்கள், மதிய மாத்திரை கைப்பையில் இருக்கட்டும்.